ஆர்கெஸ்ட்ராவை விட்டால் ஜிபிஏ ஏறுமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலம் கேரியில் இருக்கிறோம். மகள் 10ஆம் வகுப்பு. ஒன்பதாவது முடித்தபோது அவளுடைய வெயிட்டட் ஜிபிஏ, அதாவது கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி சேர்த்துப் போடும் கிரேடு சராசரி, 4.25. இந்த ஜனவரியில் செமஸ்டர் முடிந்ததும் 4.208 ஆகிவிட்டது. அவள் எடுத்த முதல் ஏ.பி. (கல்லூரி அளவிலான) பாடத்தில் பி, ஹானர்ஸ் (சாதாரணத்தைவிடக் கடினமான) கெமிஸ்ட்ரியிலும் பி. போன ஜூனில் பக்கத்து வீட்டுப் பையனின் பட்டமளிப்பு விழாவுக்குப் போயிருந்தோம். கழுத்து நிறையக் கயிறும் பட்டையுமாக மேடை ஏறினான், "சுமா கும் லாடே" என்று பெயரோடு சேர்த்து வாசித்தார்கள். என் மகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று ஆசை. ஆர்கெஸ்ட்ரா சாதாரணப் பாடம், ஏ வாங்கினாலும் 4தான் வரும், அதை விட்டுவிட்டு இன்னொரு ஏ.பி. எடு என்றேன். ஆறாம் வகுப்பிலிருந்து வயலின் வாசிப்பவள். மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியையும் நேரமில்லை என்று நிறுத்திவிட்டோம். நான் செய்வது தப்பா? இங்கே ஏன் வேலெடிக்டோரியன் (பள்ளியின் முதல் மாணவர்) என்று யாரையும் அறிவிப்பதில்லை? அதையும் சொல்லுங்கள்.
- ஒரு தாய், கேரி

அன்புள்ள சகோதரிக்கு,

பொதுப் பள்ளியில் கவுன்சிலராக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியிலும் அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வாரத்தில் உங்கள் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் என் மேசைக்கு வரும். பெரும்பாலும் அம்மா அப்பா கேட்க மாட்டார்கள், பிள்ளைதான் வந்து நிற்கும். பாடப் படிவத்தில் ஒரு வரியை அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து போயிருக்கும். அழிந்த இடத்தில் பேண்ட், ஆர்ட், தியேட்டர், ஆர்கெஸ்ட்ரா என்று ஏதாவது ஒன்று மங்கலாகத் தெரியும். மேலே ஏ.பி. என்று எழுதியிருக்கும்.

நீங்கள் எண்களைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் முதலில் கணக்குப் போட்டுவிடுவோம்.

நார்த் கரோலினாவில் 90ஓ அதற்கு மேலோ வாங்கினால் ஏ, அதற்கு 4 புள்ளி. 80 முதல் 89 வரை பி, 3 புள்ளி. ஹானர்ஸ் பாடத்துக்குக் கூடுதலாக அரைப் புள்ளி, ஏ.பி. பாடத்துக்குக் கூடுதலாக ஒரு புள்ளி. உங்கள் மகள் ஒன்பதாவதில் நான்கு ஹானர்ஸ், நான்கு சாதாரணப் பாடம் எடுத்து எட்டிலும் ஏ வாங்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் 34 புள்ளி, எட்டால் வகுத்தால் 4.25. இந்த செமஸ்டரில் ஏ.பி.யில் பி என்பது 4, ஹானர்ஸ் கெமிஸ்ட்ரியில் பி என்பது 3.5, மற்ற இரண்டு ஹானர்ஸ் பாடங்களில் ஏ வாங்கியிருப்பாள், தலா 4.5. மொத்தம் 16.5. பன்னிரண்டு பாடத்துக்கு 50.5 புள்ளி. வகுத்துப் பாருங்கள், 4.208 வருகிறது.

உங்கள் வேக் கவுண்டி பள்ளிகளில் 3.75 முதல் கும் லாடே, 4.0 முதல் மேக்னா கும் லாடே, 4.25 முதல் சுமா கும் லாடே. லத்தீனில் பாராட்டுடன், பெரும் பாராட்டுடன், உச்சப் பாராட்டுடன் என்று அர்த்தம். ஆக, உங்கள் மகள் இன்றைக்கே மேக்னாவில் இருக்கிறாள். இதை அவளிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னீர்களா?

சரி, சுமாவுக்கு வருவோம். ஆண்டுக்கு எட்டுப் பாடம் என்று நான்கு ஆண்டில் 32 பாடம். 32 பாடத்துக்கு 4.25 வேண்டுமென்றால் 136 புள்ளி. கையில் 50.5 இருக்கிறது. மீதி 20 பாடத்தில் 85.5 எடுத்தால் போதும், சராசரியாக 4.275. இப்போது ஆர்கெஸ்ட்ராவை இன்னும் மூன்று முறை எடுக்கிறாள், மூன்றும் சாதாரணப் பாடமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதில் 12 புள்ளி. மற்ற 17 பாடத்தில் ஆறு ஏ.பி. எடுத்து, நான்கில் ஏ, இரண்டில் பி வாங்கினால் 28. ஆறு ஹானர்ஸில் ஏ வாங்கினால் 27. ஐந்து சாதாரணப் பாடத்தில் ஏ வாங்கினால் 20. எல்லாம் சேர்த்து 87. தேவைக்கு மேலேயே ஒன்றரைப் புள்ளி இருக்கிறது. கடைசி ஜிபிஏ 4.297 வரும், அது சுமாதான். வயலின் கையில் இருக்கும்போதே, இன்னும் இரண்டு பி-க்கு இடம் விட்டே, இந்தக் கணக்கு வருகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். ஆர்கெஸ்ட்ராவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏ.பி. போட்டு, அதில் பி வாங்கினால் என்ன கிடைக்கும்? 4 புள்ளி. ஆர்கெஸ்ட்ராவில் ஏ வாங்கினாலும் அதே 4. சி வாங்கிவிட்டால் 3, இருந்ததும் போச்சு. ஏ வாங்கினால் மட்டும்தான் லாபம். அதுவும் 32 பாடத்தில் ஒரு புள்ளி, அதாவது 0.03. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் இப்படித்தான் பேண்டை அழித்துவிட்டு ஏ.பி. என்விரான்மென்டல் சயின்ஸ் எழுதினான். "இரண்டு நாள் கழித்து வாயேன்" என்று திருப்பி அனுப்பியும் கேட்கவில்லை. அந்த வகுப்பில் பி வாங்கினான். அடுத்த ஜனவரியில் டிரான்ஸ்கிரிப்டை (எல்லாப் பாடங்களின் கிரேடு பட்டியலை) பார்த்துவிட்டு என் அறையில் உட்கார்ந்து, "அப்போ இதுவும் 4.0, அதுவும் 4.0தானா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கணக்கை அவனுக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அப்புறம், உங்கள் பள்ளியின் பாடப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். நம் மாநிலத்தில் இசைப் பாடங்கள் தொடக்க நிலையிலிருந்து படிப்படியாக மேலே போகும். மேல் நிலைகள் பெரும்பாலான பள்ளிகளில் ஹானர்ஸ் எடையோடு வருகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து வாசிக்கும் பெண் கூடிய சீக்கிரம் அந்த இடத்துக்கு வந்துவிடுவாள். நான்கு ஆண்டு ஏணி ஏறி, அரைப் புள்ளி கூடுதலாகக் கிடைக்கும் படிக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு, "இது சாதாரணப் பாடம்" என்று அவளை இறக்கிவிடப் பார்க்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் கவனிக்க வேண்டியது கெமிஸ்ட்ரிதான். அதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். 89ஆ, 81ஆ? இது மிகவும் முக்கியம். நாம் படித்த ஊரில் 1200க்கு 1176, 1177 என்று ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் விலை இருந்தது. கட்-ஆஃபில் கால் மதிப்பெண்ணுக்குக் கல்லூரியே மாறிப்போகும். அந்தப் பதற்றம் நம் எலும்பில் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. இங்கே 91ம் 99ம் ஒன்றுதான், இரண்டுக்கும் 4. ஆனால் 89க்கும் 90க்கும் நடுவே ஒரு முழுப் புள்ளி. அதனால் 96 வாங்கும் பாடத்தில் 98 ஏன் வரவில்லை என்று கேட்பதை நிறுத்துங்கள். 88ல் நிற்கும் பாடம் எது, அது எங்கே கசிகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் கெமிஸ்ட்ரியில் பாதிப் பேருக்கு லேப் அறிக்கையிலும் தாமதமாகக் கொடுத்த வீட்டுப்பாடத்திலும்தான் புள்ளி போயிருக்கும். தேர்வில் போனது குறைவாகவே இருக்கும். எந்த வகையில் எவ்வளவு போயிற்று என்று பள்ளியின் கிரேடு போர்ட்டலிலேயே பிரித்துக் காட்டும். பாடமே புரியவில்லை என்றால் அது வேறு விஷயம், அதற்கு வேறு வழி பார்க்கலாம்.

ஏ.பி.யில் வந்த பி பற்றி எனக்குக் கொஞ்சமும் கவலையில்லை. முதல் ஏ.பி. எல்லாருக்கும் இப்படித்தான், வாசிக்க வேண்டியது மலைபோலக் குவியும். மே மாதம் நடக்கும் ஏ.பி. தேர்வு வகுப்பு கிரேடிலிருந்து தனி. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், ஜூலையில் வரும். நம் மாநிலத்தில் பொதுப் பள்ளி மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. 3 வாங்கினாலே யுஎன்சி (நார்த் கரோலினா பல்கலைக்கழக) அமைப்பில் உள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் கொடுக்கின்றன. வகுப்பில் பி வாங்கிய பிள்ளைகள் தேர்வில் 4, 5 வாங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் வகுப்பு முடிந்துவிட்டதே என்று புத்தகத்தைப் பரணில் போட்டுவிட வேண்டாம். ஏப்ரலில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். சுமா கும் லாடே என்று வாசிப்பது ஜூனில். சேப்பல் ஹில்லில் உள்ள யுஎன்சிக்கு முன்கூட்டிய விண்ணப்பத்தின் கடைசி நாள் அக்டோபர் 15. ராலேயில் உள்ள என்சி ஸ்டேட்டுக்கு நவம்பர் 1. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி இரண்டு மாதம்கூட நன்றாக ஓடியிருக்காது. விண்ணப்பத்தோடு போவது பதினொன்றாம் வகுப்பு வரையிலான டிரான்ஸ்கிரிப்ட்தான். முடிவும் பட்டமளிப்புக்கு வெகு நாள் முன்பே வந்துவிடும். அதாவது உங்கள் மகள் மேடை ஏறும்போது எந்தக் கல்லூரி என்பது தெரிந்திருக்கும், ஒருவேளை அந்தக் கல்லூரியின் டி-ஷர்ட்கூட வீட்டுக்கு வந்திருக்கும். பட்டமளிப்பில் கிடைக்கும் கௌரவம் நான்கு ஆண்டு உழைப்புக்குக் கொடுக்கும் பாராட்டு. நியாயமான பாராட்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கௌரவத்தால் எந்தக் கல்லூரிக் கதவும் திறப்பதில்லை.

கல்லூரிகள் பார்ப்பது டிரான்ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரியையும்தான். பள்ளி என்னென்ன பாடங்களை வழங்குகிறது, அதில் இந்தப் பிள்ளை எதை எடுத்தது, கடினமானதிலிருந்து ஒதுங்கியதா, ஆண்டுக்கு ஆண்டு ஏறுமுகமா என்று பார்ப்பார்கள். பல கல்லூரிகள் பள்ளி கொடுக்கும் வெயிட்டட் ஜிபிஏவை ஓரமாக வைத்துவிட்டுத் தங்கள் முறையில் மறுபடி கணக்கிடுகின்றன. கலிபோர்னியாவின் யூசி பல்கலைக்கழகங்கள் பத்தாவது, பதினொன்றாவது கிரேடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கூடுதல் புள்ளியையும் எட்டு செமஸ்டருக்கு மேல் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே இசையும் ஓவியமும் கட்டாயப் பாட வரிசையில் ஒன்று. அந்த டிரான்ஸ்கிரிப்டில் ஆண்டுதோறும் விடாமல் வரும் ஆர்கெஸ்ட்ரா என்பது அழகான வரி. நான் பரிந்துரைக் கடிதம் எழுத உட்காரும்போது, ஒரு பிள்ளை ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தால் எழுதுவதற்கு என் கையில் ஏதோ இருக்கும். பதினோரு ஏ.பி.யும் வேறு ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு எழுதும்போது திணறியிருக்கிறேன்.

டெக்சாஸில் இருக்கும் வாசகர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வகுப்புத் தரவரிசைக்குச் சட்டப்படியே மதிப்பு உண்டு. 1997ல் வந்த சட்டத்தின்படி முதல் 10 சதவீதத்தில் வருகிறவர்களுக்கு அந்த மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வரம்பு குறைந்துகொண்டே வந்து, 2026 சேர்க்கைக்கு முதல் 5 சதவீதம் ஆகியிருக்கிறது. பள்ளியில் முதலாவதாக வருபவருக்கு அரசுக் கல்லூரியில் முதல் ஆண்டுக் கல்விக் கட்டணம் கிடையாது. அங்கே ஒரு பாடத்தை மாற்றுவதற்கு முன் நானும் பத்து முறை கணக்குப் போடுவேன். நியூயார்க் என்றால் ரீஜன்ட்ஸ் எனும் மாநிலத் தேர்வுகளின் சராசரி 90ஐத் தொட வேண்டும், டிப்ளமாவிலேயே ஹானர்ஸ் என்று வரும். மாநிலம் மாறினால் விதியும் மாறும். பக்கத்து வீட்டில் சொன்னதையும் வாட்ஸ்அப் குழுவில் வந்ததையும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வேலெடிக்டோரியன் கேட்டிருந்தீர்கள். லத்தீனில் விடைபெற்றுப் பேசுபவர் என்று பொருள், முதல் மாணவர் விழாவில் விடைபெறும் உரை ஆற்றுவார். உங்கள் கவுண்டியில் அதை நிறுத்திவிட்டு 2019ல் பட்டம் பெற்றவர்களிலிருந்து இந்த லத்தீன் முறைக்கு மாறினார்கள். முதல் இடத்துக்காகப் பிள்ளைகள் புள்ளியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு அடித்துக்கொண்டதும், பிடித்த பாடத்தை விட்டுவிட்டு எடை கூடிய பாடத்தைத் தேடி ஓடியதும் அதற்குக் காரணம். தமிழ்நாட்டிலும் 2017ல் பத்தாவது, பன்னிரண்டாவது மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதே கவலைதான். புதிய முறையில் கோட்டைத் தாண்டிய எல்லாருக்கும் கௌரவம் உண்டு. 4.26க்கும் 4.7க்கும் ஒரே அறிவிப்பு. உங்கள் மகளுக்காகவே மாற்றியதுபோல இருக்கிறது. அவளை மறுபடியும் பழைய ஓட்டத்துக்குள் தள்ளாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் கழுத்தில் தொங்கிய கயிறுகளுக்கு வருகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். நேஷனல் ஹானர் சொசைட்டி என்பது 1921ல் தொடங்கியது. படிப்பு, சேவை, தலைமை, நடத்தை என்று நான்கையும் பார்த்து, ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு தேர்ந்தெடுக்கும். தேசிய அளவில் குறைந்தபட்சம் 3.0 ஜிபிஏ, பள்ளிகள் இதைவிட உயர்த்தி வைப்பதும் உண்டு. கணிதத்துக்கு மியூ ஆல்ஃபா தீட்டா. இசைக்கு ட்ரை-எம், இது ஆர்கெஸ்ட்ரா போன்ற இசைப் பாடத்தில் இருந்தால்தான் கிடைக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விழா நாளில் பெயர் வாசிக்கும் வரிசைப் பக்கம்தான் எனக்கு வேலை. பிள்ளைகள் தங்கள் பெயரை உச்சரிப்போடு எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வியர்வையில் அட்டை நனைந்திருக்கும். மேடையைக் கடக்க ஏழெட்டு வினாடி. அந்த நேரத்தில் எந்தக் கயிறு எதற்கு என்று யாராலும் எண்ண முடியாது. பாட்டிக்கு மட்டும் பேத்தி தெரிவாள்.

தமிழ்ப் பள்ளியை நிறுத்தியதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். நம் மாநிலத்தில் டிப்ளமாவோடு சேர்த்துக் கொடுக்கும் சிறப்பு அங்கீகாரங்களில் உலக மொழிகளுக்கானதும் ஒன்று. ஆங்கிலப் பாடங்களில் எடையில்லாத 2.5 ஜிபிஏ இருந்து, இன்னொரு மொழியில் தேர்ச்சியைக் காட்டினால் கிடைக்கும். அந்த மொழி தமிழாகவும் இருக்கலாம். 2011ல் கலிபோர்னியா சட்டமாக்கிய இருமொழி முத்திரையும் இந்த வகைதான், தமிழில் தேர்வு எழுதி அதைப் பெற்ற பிள்ளைகள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். அதற்குக் கேட்கும் நிலை ஒன்றும் எட்டாத உயரமல்ல. வீட்டில் பேசி, ஏழெட்டு ஆண்டு தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு எழுதும் பயிற்சி மட்டும் கொஞ்சம் வேண்டியிருக்கும். உங்கள் மகளிடம் ஏற்கெனவே முக்கால்வாசி இருக்கிறது, மீதிக் கால்வாசியை ஏன் விட வேண்டும்? சனிக்கிழமை முழுவதும் முடியாவிட்டால், வாரம் ஒருமுறை ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தட்டச்சு வேண்டாம், கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

தப்பா என்று கேட்டீர்கள். ஆசைப்பட்டது தப்பில்லை. யார் பெற்ற பிள்ளையோ மேடையில் நிற்கும்போது தன் பிள்ளையையும் அங்கே வைத்துப் பார்க்காத தாய் உண்டா? அவளைக் கேட்காமல் எதை விடுவது என்று நீங்களே முடிவுசெய்ததுதான் அவளுக்கு வலித்திருக்கிறது. இன்று இரவு இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அவள் முன் வையுங்கள். 20 பாடம், 85.5 புள்ளி. எதை எங்கே நிரப்பலாம் என்று அவளே எழுதட்டும், பென்சில் அவள் கையில் இருக்கட்டும். 15 வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

பாடப் படிவம் மூடுவதற்கு முன் பள்ளிக் கவுன்சிலரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். லத்தீன் கௌரவத்துக்கு எந்தத் தேதி வரையிலான ஜிபிஏவை எடுக்கிறார்கள், அடுத்த ஆண்டு அவளுக்கான ஆர்கெஸ்ட்ரா ஹானர்ஸா இல்லையா. கெமிஸ்ட்ரி ஆசிரியருக்கும் ஒரு மின்னஞ்சல் போகட்டும், எந்த இடத்தில் புள்ளி போயிற்று, அடுத்த சயின்ஸ் பாடத்துக்கு முன் எதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று. அதை நீங்கள் அனுப்ப வேண்டாம், அவளே அனுப்பட்டும்.